மெழுகு பூசாத ஓரம்

இன்று காலை பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. மெழுகையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய சிவப்புப் பூச்சு. நாளைக்குப் பரிசளிப்பு விழா என்று மேல்வகுப்புப் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டைமேல் ஒரு காலை வைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, அந்த வேலையில் பாதி தேய்ப்பு, பாதி ஆட்டம். சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

நீ பாடம் நடத்திய அறைக்குள் போனேன். இந்த வருடம் சேர்ந்த ஒரு பிள்ளை சுவரோரத்தைக் காட்டிக் கேட்டாள்: "டீச்சர், இந்த ஓரம் மட்டும் ஏன் இப்பிடி மங்கிப்போயி கெடக்கு? இதையும் தேச்சு விட்டுறவா?"

"இரும்மா, வந்து சொல்றேன்" என்றுவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லுமுன் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நான் எதையாவது கூட்டிச் சொன்னால் நீதான் இடையில் புகுந்து திருத்துவாய். அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை.

பெண்களும் வாக்குப் போடலாம் என்று சட்டம் வந்த வருடம்தான் நீ யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தாய். உன்னை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, வாவிக்கரையில். மழை விட்ட சாயங்காலம். கக்கத்தில் ஊன்றுகோல், கையில் ஒரு துணிப்பை, சூம்பிய இடது காலை மெல்ல இழுத்தபடி நடந்து வந்தாய். நடைபாதைக் கல்லில் ஊன்றுகோல் சற்றே நழுவியது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான், எங்களுக்கு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடித்தான் பழக்கம். ஒரே பாய்ச்சலில் வந்து உன் கையைப் பிடித்தேன். நீ நன்றி சொல்வாய் என்று பார்த்தால், முகத்தைச் சுளித்தாய்.

"பிடியாதேயும். பிடிச்சீரெண்டால் எனக்கு எந்தப் பக்கம் விழுறதெண்டு தெரியாமல் போயிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விழுந்தா நல்லாத்தான் விழுங்க, எனக்கென்னா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன். மறுநாள் காலை பெரிய டீச்சர், "இவங்கதான் புது விஞ்ஞான டீச்சர், ஒங்க வயசுதான்" என்று உன்னைக் கூட்டி வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அப்புறம் மஹய்யாவ மேட்டில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் அறை பார்த்துக் கொடுத்தார்கள். எப்படியும் உன்னோடுதான் குப்பை கொட்டவேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது போல. நான் உன்னை "நீ" என்று கூப்பிட ஆரம்பிக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீ கடைசிவரை என்னை "நீர்" என்றுதான் சொன்னாய். எங்கள் ஊரில் அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை. எனக்கு அது கேட்கக் கேட்கப் பிடித்துப்போனது.

அந்த வீட்டுச் சமையலறை மேசையை நீ படுத்திய பாடு கொஞ்சமா. ஒரு செங்கல்லைக் கொண்டு வந்து, அதில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு பால் டின்னைக் கட்டி மேசை விளிம்பில் தொங்கவிடுவாய். டின்னுக்குள் புளியங்கொட்டை போடுவாய், ஒவ்வொன்றாக. புளி என்னுடையது, கொட்டையும் என்னுடையது. செங்கல் எப்போது அசையும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். குழம்பு தீய்ந்தாலும் உனக்குத் தெரியாது.

ஒரு நாள் என்னோடு பந்தயம் கட்டினாய். செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தால் கொட்டை அதிகம் வேண்டுமா, நிமிர்த்திவைத்து இழுத்தால் அதிகம் வேண்டுமா? இதிலென்ன சந்தேகம், படுத்திருந்தால் நிறைய இடத்தைத் தொடுகிறது, அதற்குத்தான் அதிகம் வேண்டும் என்றேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் போனது. நான் நம்பவில்லை. நீ ஏமாற்றுகிறாய் என்று நானே கொட்டையைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான். பிறகு நீ செங்கல்லின் மேல் இன்னொரு செங்கல்லை வைத்தாய். டின் நிரம்பி வழிந்த பிறகுதான் அது நகர்ந்தது.

"எவ்வளவு இடத்தைத் தொடுகுதெண்டதில்லை. எவ்வளவு பாரமாய் அமத்துதெண்டதுதான் கணக்கு" என்றாய்.

இன்னொன்றும் காட்டினாய். நின்ற கல் அசைவதற்குத்தான் கொட்டை அதிகம் வேண்டும். நகரத் தொடங்கியபின் அதைவிடக் குறைவாகவே போதும். நான் உடனே, "எங்க தோட்டத்துல மழைநாள்ல கட்டில விட்டு எந்திரிக்கிற மாதிரி" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்கு அடுத்த வாரம் வகுப்பில் அதையே சொன்னாயாம், என் பெயரையும் சேர்த்து. பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

உன் வகுப்பறையின் தரை அப்போதே சிவப்புச் சீமெந்துத் தரை. மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போடுவார்கள். போட்ட அன்று நீ சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போவாய், நான் பின்னாலேயே வருவேன். பிடிக்கவும் விடமாட்டாய். கடைசியில் நான் பெரிய டீச்சரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தேன். வாசலிலிருந்து உன் மேசைவரைக்கும், சுவரோரமாக, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மெழுகு பூசக்கூடாது. பிள்ளைகள் அதற்கு "டீச்சர் பாதை" என்று பெயர் வைத்தார்கள். அறை முழுவதும் முகம் பார்க்கலாம் போல மின்னும். அந்த ஓரம் மட்டும் வெறும் செம்மண் நிறத்தில் மங்கிக் கிடக்கும். உன் ஊன்றுகோல் அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஆனால் உன் வேலை அப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. நிர்வாகத்தில் இருந்த பெரியவர்களுக்கு ஒரே சந்தேகம். ஊன்றுகோலோடு நடக்கிற பெண் ஒரு வகுப்பை எப்படிக் கட்டி மேய்ப்பாள் என்று. ஒரு வருடம் தற்காலிகம் என்றுதான் எடுத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து ஆய்வாளர் வந்து உன் பாடத்தைப் பார்த்துச் சரி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நீ யாழ்ப்பாணத்துக்கு, உன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பவேண்டும். "அங்க எனக்கு ஒரு மூலையும் ஒரு கதிரையும் வச்சிருக்கினம். நல்ல கதிரைதான். அதிலயே இருந்து சாகலாம்" என்று ஒருநாள் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

ஆய்வாளர் வரும் நாளுக்கு முந்தின மாலை நான் கண்டியில் இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்ததால் ஹேவாஹெட்டவுக்குப் போயிருந்தேன். நீயும் தலைவலி என்று நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாய். பிள்ளைகள் மட்டும் தரையைத் தேய்க்க நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மஹய்யாவத் தெய்வானை. வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர் வருகிறார், எல்லார் அறையும் பளபளக்கிறது, நம் டீச்சர் நடக்கிற இடம் மட்டும் இப்படிக் கிடக்கிறதே என்று அவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. மற்ற இடத்துக்கு ஒரு தடவை பூசியதை உன் பாதைக்கு மறுபடி மறுபடி பூசியிருக்கிறார்கள். மட்டையை வைத்து மாறிமாறித் தேய்த்திருக்கிறார்கள். உனக்கு அவர்கள் கொடுத்த பரிசு அது. வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும் இப்படி ஒரு காரியம் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலையில் மழை. நான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே என் வகுப்புக்குப் போனேன். உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே இடுப்புயரத் தட்டிதானே. ஆய்வாளர் முன்கூட்டியே வந்து உன் அறையின் பின்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய டீச்சர், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு. மணி அடித்தது. நீ வாசலில் வந்து நின்றாய். குடையைச் சாத்தினாய். ஊன்றுகோலை உள்ளே வைத்தாய்.

அது உன்னைவிட்டு ஓடியே போய்விட்டது. நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய், ஆனாலும் ஒரு முழங்கால் தரையில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். நான் தட்டியைச் சுற்றி ஓடி வந்தேன். ஆய்வாளரும் பாதி எழுந்துவிட்டார். நீ நிலையைப் பிடித்து நிமிர்ந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தாய்.

"வராதேயும். அங்கயே நில்லும்."

நின்றேன். எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நாலு சாத்து சாத்தவேண்டும் என்று கை துடித்தது. நீ பிள்ளைகளைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் எப்போதும் போல இருந்தது.

"பிள்ளையள், நான் ஏன் உள்ளுக்கு வரேலாமல் நிக்கிறன்? ஆர் சொல்லுறது?"

தெய்வானை ஓவென்று அழுதாள். "நாங்கதான் டீச்சர் பூசுனோம். ஒங்களுக்கு அழகா இருக்கட்டும்னுதான்..."

"அழகாய்த்தான் இருக்கு. அழுகை பிறகு. இப்ப எனக்கு விடை வேணும்."

விடை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சீமெந்துத் தரையில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் உண்டு. ஊன்றுகோலின் ரப்பர் அதில் பதிந்து பிடித்துக்கொள்ளும். மெழுகு அந்தப் பள்ளத்தையெல்லாம் மூடிவிட்டது. மழை ஈரமும் சேர்ந்துகொண்டது. ஒரு பிள்ளை விட்டதை மற்றொரு பிள்ளை பிடித்துக்கொண்டது. நீ வாசலில் நின்றபடியே தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

"சரி. இனி என்ன செய்யிறது? எனக்கு அங்க போகவேணும்."

மணல் போடலாம் என்றாள் ஒருத்தி. போட்டுப் பாரும் என்றாய். முற்றத்து மணலை ஒரு கை அள்ளி வந்து தூவி, நூல் கட்டி வகுப்பில் வைத்திருந்த உன் செங்கல்லை அதன்மேல் இழுத்துப் பார்த்தார்கள். முன்னைவிட இலகுவாக ஓடியது! வழவழத் தரையில் மணல் உருளுமே தவிர நிற்காது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். திகனையிலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த நபீஸா, "எங்கட வாப்பாட கடைச் சாக்கு ஒண்டு இரிக்கி டீச்சர், அத விரிப்போமா?" என்று, மழைக்குத் தலையில் போட்டு வந்த சாக்கைக் கொண்டு வந்து விரித்தாள். செங்கல் சாக்கைவிட்டு நகரவில்லை. சாக்குத்தான் செங்கல்லையும் ஏற்றிக்கொண்டு தரையில் நகர்ந்தது. வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஆய்வாளரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. உன் முழங்காலில் சேலை நனைந்து ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே தெய்வானைதான் கடைசியில் சொன்னாள்: "எங்கம்மா எண்ணெச் சட்டிய சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்க டீச்சர். அப்ப வழுவழுப்பு போயிரும்."

நீ அவளை நிமிர்ந்து பார்த்தாய். "அப்ப கொண்டு வாரும்."

பள்ளிச் சமையல்கட்டு அடுப்பிலிருந்து சாம்பல் வந்தது. முந்தின மாலை மினுக்கிய அதே தேங்காய் மட்டைகள் வந்தன. பிள்ளைகள் மண்டியிட்டு உன் பாதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். சாம்பல் மெழுகை இழுத்துக் கறுத்துத் திரண்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மட்டை ஒன்றுதான், மினுக்குவதும் அதுதான், மினுக்கத்தை எடுப்பதும் அதுதான், நடுவில் என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று நீ வாசலில் இருந்தே சொல்லிக்கொடுத்தாய். அவ்வளவு நேரமும் ஒற்றைக்காலில், நிலையைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் செங்கல்லை இழுத்துப் பார்த்தார்கள். அது அசைய மறுத்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நீ ஊன்றுகோலை வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்து, சாம்பல் படிந்த ஓரத்தில் நடந்து உன் மேசைக்குப் போனாய். அன்று நீ நடந்த நடையை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

பாடம் முடிந்ததும் ஆய்வாளர் உன்னிடம் கேட்டார். "யாராவது கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்திருக்கலாமே அம்மா? இவ்வளவு சிரமம் எதற்கு?"

"வந்திருக்கலாம் சேர். ஆனால் பாடம் வெளியில நிண்டிருக்கும்."

போகும்போது மினுங்கிய நடுத்தரையில் காலை வைத்தவர், என்ன நினைத்தாரோ, காலை எடுத்து உன் ஓரத்துக்கு மாறிக்கொண்டார். தோல் சப்பாத்தின் அடியெல்லாம் சாம்பல். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கு வேலை உறுதி என்று. நீ, "எழுத்தில வரட்டும், பாப்பம்" என்றாய். எழுத்தில் வர மழைக்காலம் முடிந்துவிட்டது. வந்த அன்று நீ என் புளியங்கொட்டையையெல்லாம் அள்ளி ஜன்னல் வழியாக எறிந்தாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

தெய்வானையை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை. வீட்டில் உன் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போடும்போது, "கொஞ்சமாவது கண்டிச்சிருக்கணும்" என்று நான் பொரிந்தேன். நீ காலை இழுத்துக்கொண்டு சொன்னாய்: "அவளவை எனக்கு அன்பு காட்டினவை. அதுக்கு ஆர் தண்டனை குடுக்கிறது? வழுக்காமல் நிக்கிறதுக்கு நிலமும் வேணும், காலும் வேணும் கண்டீரோ. இண்டைக்கு அந்தப் பிள்ளையள் எனக்கு நிலம்."

அதன்பிறகு எத்தனை சனிக்கிழமை மாலைகள், நீயும் நானும் வாவியைச் சுற்றி நடந்தோம். முதலில் நான் விறுவிறுவென்று முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, எரிச்சல்படுவேன். எப்போது என் நடை உன் நடையானது என்று எனக்குத் தெரியாது. உன் ஊன்றுகோலின் அடியில் சப்பாத்துக்காரர் பழைய மோட்டார் டயரை வெட்டி ஆணி அடித்துத் தருவார். மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்துபோன துண்டுகளை நீ எறியமாட்டாய், காட்டித்தான் பாடம் எடுப்பாய். "பிடிக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் கொஞ்சம் தேயத்தான் வேணும்" என்பாய். நம் இருவரைப் பற்றியும்தான் சொன்னாய் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன வருட மழையில் உனக்குச் சளிக்காய்ச்சல் வந்தது, நெஞ்சில் இறங்கியது. வைத்தியர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் திரும்பி வந்து கட்டிலருகில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் கையை மடியிலேயே வைத்திருந்தேன். நீ உன் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நீட்டினாய்.

"இனி விழ இடமில்லை. பிடியும்."

பிடித்தேன். எத்தனையோ வருடமாக அதற்காகவே காத்திருந்தவள் போலப் பிடித்தேன். விடிந்தபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், நீதான் இல்லை.

உன் அண்ணன் ரயிலில் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், உன்னைப் போலவே புருவத்தைச் சுருக்கிப் பேசினார். உன்னை எடுக்கும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. மஹய்யாவ மேட்டு வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் கற்படிகள் உனக்குத் தெரியாததா, பாசி பிடித்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து. தோள் கொடுக்க நின்றவர்களில் ஒருவர் முதல் படியில் காலை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். "ஐயோ, வழுக்குதுங்க. தூக்கிட்டு எப்பிடி எறங்குறது" என்றார்.

பெண்கள் அந்தப் படிகளுக்கு அப்பால் வரக்கூடாது என்பார்கள். படிவரைக்கும் வரலாம் அல்லவா. நான் சமையலறைக்குப் போய் அடுப்புச் சாம்பலை முழுவதும் அள்ளி வந்தேன். மேல்படியில் உட்கார்ந்து, சாம்பலைப் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்க்க ஆரம்பித்தேன். யாரோ, "டீச்சருக்கு என்னா ஆச்சு" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் இன்னொரு மட்டை தேய்க்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தெய்வானை. இடுப்பில் இருந்த குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு படியாக, பாசி பெயர்ந்து கல் தெரியும்வரை தேய்த்துக்கொண்டே கீழே இறங்கினோம். அப்புறம் உன்னைக் கொண்டு போனார்கள். ஒருவர் காலும் வழுக்கவில்லை.

நீ தேய்த்து முடித்த கடைசி டயர்த் துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தனியாக வாவியைச் சுற்றுகிறேன். வேகமாக நடக்கலாம், தடுக்க ஆளில்லை. முயன்றும் பார்த்தேன், முடியவில்லை. என் கால் உன் அளவுக்குத்தான் போகிறது.

இதோ மணி அடிக்கிறது. அந்தப் பிள்ளை இன்னும் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் போய் அவளிடம் சொல்லப்போகிறேன்: "அத மட்டும் விட்டுரும்மா. அது எங்க டீச்சர் நடக்குற பாதை." எங்கே அந்த டீச்சர் என்று கேட்பாள். மின்னுகிற தரை முழுவதையும் விட்டுவிட்டு, அந்த ஓரத்திலேயே மெதுவாக நடந்து உன் கரும்பலகைவரைக்கும் போவேன். அவள் பார்த்துக்கொள்ளட்டும்.